சார்ட்டில் 'பாலிப்' என்று மட்டும் இருந்தால் கே63.5-ஆ, டி12-ஆ?

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்தபடியே அமெரிக்க மருத்துவமனைகளின் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) சார்ட்டுகளுக்கு கோடிங், அதாவது நோய்க்கும் செய்முறைக்கும் எண் போடும் வேலை, பார்க்கிறாராம், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறதாம். போன வார ஆடிட்டில் மூன்று சார்ட்டில் பிழை விழுந்திருக்கிறது. முதல் சார்ட்: பெருங்குடலின் கீழ்ப்பகுதியான சிக்மாய்டில் பாலிப் எடுத்திருக்கிறார்கள், பேத்தாலஜியில் (திசுப் பரிசோதனையில்) அடினோமா, இவர் கே63.5 போட்டார், டி12.5 என்று திருத்திவிட்டார்கள். இரண்டாவது: ஹெபாடிக் ஃப்ளெக்சரில் அடினோமா, இவர் டி12.2 போட்டார், டி12.3 என்று திருத்தினார்கள். மூன்றாவது: '30 செ.மீ.-யில் பாலிப்' என்று மட்டும் டாக்டர் எழுதியிருந்தார், பேத்தாலஜியில் அடினோமா. இவர் டி12.6 போட்டார், ஆடிட்டர் டி12.5 என்கிறார். டீம் லீடரிடம் கேட்டால் "பேத்தாலஜியைப் பாரும்மா" என்பதோடு முடிந்துவிடுகிறது. "அக்கா, பாலிப்புக்கு எப்போது கே63.5, எப்போது டி12 என்று ஒரு தடவை முழுசாகச் சொல்லுங்கள்" என்பது கேள்வி. நோயாளியின் பெயர், பிறந்த தேதி எதையும் வெளியே விடாமல் கேட்டிருக்கிறீர்கள், அதற்கே ஒரு நன்றி.

நான் மண்டபத்துக்காரி. சென்னையில் கோடிங்கும் ஆடிட்டுமாகப் பல வருடம் ஓட்டிவிட்டு, இப்போது ஊரிலிருந்தே பார்க்கிறேன். முதல் இரண்டு பிழையும் பிழைதான். மூன்றாவதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஏன் என்று சொல்ல கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

பாலிப் என்பது ஒரு வடிவத்தின் பெயர். குடலின் உட்சுவரிலிருந்து உள்பக்கமாக எழும்பி நிற்கிற எதையும் கேமராவில் பார்க்கிற டாக்டர் பாலிப் என்றுதான் எழுதுவார். அது என்ன இனம் என்று அவர் கண்ணால் யூகிக்கலாம், முடிவாகச் சொல்ல வேண்டியவர் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற பேத்தாலஜிஸ்ட். நம்ம கரையில் ஏலம் விடும்போது கணக்குச் சிட்டையில் யாரும் 'மீன் 40 கிலோ' என்று எழுதுவதில்லை. சீலாவா, பாறையா, நகரையா, காரலா என்று எழுதினால்தான் விலை. 'பாலிப்' என்பது 'மீன்' என்று எழுதுவது மாதிரி. கே63.5 அந்த 'மீன்'. இனம் தெரியாதபோதும், பெருக்க வகை என்கிற ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்பாக இருக்கும்போதும் பெருங்குடலுக்கு அதுதான் கோடு.

அடினோமா என்று பேத்தாலஜி சொன்ன கணமே கே63.5-க்கு அங்கே வேலை இல்லை. ட்யூபுலர், ட்யூபுலோவில்லஸ், வில்லஸ் எந்த அடினோமாவாக இருந்தாலும் டி12 குடும்பத்துக்குப் போய்விடும். செசைல் செரேட்டட் வகையும் அங்கேதான். காரணம், அடினோமா என்பது புற்றாக மாறும் திறனுள்ள கட்டி. இன்றைக்கு அது தீங்கற்றது, பத்து வருடம் விட்டுவைத்தால் என்னவாகும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஹைப்பர்பிளாஸ்டிக் சின்னதாக சிக்மாய்டிலோ மலக்குடலான ரெக்டத்திலோ இருந்தால் அந்தப் பயம் மிகக் குறைவு. அமெரிக்க நோய்க்கோடு நூலான ஐசிடி-10-சிஎம் புத்தகத்தில் கே63.5-க்குக் கீழேயே 'எக்ஸ்க்ளூட்ஸ்1' (இதோடு சேர்த்துப் போடாதே) என்று போட்டு அடினோமாவை டி12-க்கும், அழற்சி பாலிப்பைக் கே51.4 வரிசைக்கும் அனுப்பிவிடுகிறார்கள். அந்த இரண்டு வரியைப் படித்திருந்தால் உங்கள் முதல் பிழை நடந்திருக்காது. கோடு தேடும் மென்பொருளான என்கோடரில் 'பாலிப், கோலன்' என்று தட்டினால் முதலில் வருவது கே63.5 என்பதால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில்தான் முதலில் வழுக்குகிறார்கள்.

பழைய ஆட்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. 2015 அக்டோபர் 1-க்கு முன் ஐசிடி-9 காலத்தில் பெருங்குடல் பாலிப் என்றால் 211.3, அவ்வளவுதான். சீகமா, சிக்மாய்டா என்று யாரும் கேட்கவில்லை. ஒரே எண்ணில் ஓடிய கை அது. ஐசிடி-10 வந்ததும் அந்த ஒரு எண் இனவாரியாகவும் இடவாரியாகவும் உடைந்தது. உடைத்ததற்கு அர்த்தம் இருக்கிறது. அதை நான் புத்தகத்தில் கற்றதைவிட எங்கள் வீட்டில் கற்றதுதான் அதிகம்.

2018 தடைக்காலம். எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கல்யாணம், காது குத்து, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அந்த நாட்களுக்குத்தான் தள்ளி வைப்பார்கள். பாம்பனில் என் மாமா, விசைப்படகு ஓட்டுகிறவர், மலத்தோடு ரத்தம் போவதை மூலம் என்று இரண்டு வருடம் நாட்டு மருந்தில் ஓட்டிவிட்டு, அந்தத் தடைக்காலத்தில் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனார். கொலோனோஸ்கோபி செய்தார்கள், பாலிப் இருந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். சிறிது நேரத்தில் ஜன்னல் பக்கமாக மாமியைக் கூப்பிட்டு ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். பார்மலினில் ஒரு துணுக்கு மிதந்தது. "பக்கத்துத் தெரு லேபில் கொடுத்துவிடுங்கள், அஞ்சு நாளில் ரிப்போர்ட் வரும்." மேலே ஒட்டியிருந்த தாளில் பேனாவால் மாமா பெயர், 52, ஆண், 'பாலிப்'. மஞ்சள் பையில் தண்ணீர் பாட்டிலுக்கும் துண்டுக்கும் நடுவில் வைத்து மாமி அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் ஊர் வந்துவிட்டார்கள். ஜூன் 15 படகு இறங்கியது. ரிப்போர்ட்டை வாங்க யாரும் போகவில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பெருங்குடல் பாலிப், அகற்றப்பட்டது', அதற்கு எதிரே கே63.5. இன்ஷூரன்ஸ் பணம் வந்துவிட்டதால் அந்தக் காகிதத்தைப் பிறகு யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. 2021-ல் மறுபடியும் ரத்தம். புது டாக்டர் மூன்றே கேள்வி கேட்டார்: எந்த இடத்தில் எடுத்தார்கள், எவ்வளவு பெரிசு, என்ன வகை? அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். பாலிப் கோடிங்கில் அடுத்தவர் சார்ட்டைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவள். மூன்றில் ஒன்றுக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மாமா மகன் மறுநாள் காலை ரயிலேறிப் போய் அந்த லேபின் பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லி ரிப்போர்ட்டை வாங்கி வந்தான். ட்யூபுலோவில்லஸ் அடினோமா, 14 மி.மீ. வகை தெரிந்தது, அளவு தெரிந்தது, இடம் கடைசி வரை தெரியவில்லை. பாட்டிலில் எழுதவில்லை, எழுதாததைப் பேத்தாலஜிஸ்ட் எங்கிருந்து எடுப்பார்? சிக்மாய்டில் இன்னொன்று இருந்தது, எடுத்தார்கள், நல்லவேளை தீங்கற்றது. பழையது முளைத்ததா, புதிதாக வந்ததா என்பதற்கு இன்றைக்கும் விடை இல்லை.

ஆகவே ஒரு பாலிப் சார்ட்டைத் திறந்ததும் நான் தேடுவது மூன்று தாள்: எதற்காக வந்தார் என்கிற தாள், டாக்டர் என்ன பார்த்து என்ன செய்தார் என்கிற தாள், பேத்தாலஜி தாள். இதில் ஒன்று குறைந்தாலும் கோடு அரைகுறைதான்.

இடத்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், உங்கள் இரண்டாவது பிழை இதில்தான். டி12.0 சீகம் (பெருங்குடலின் தொடக்கப் பை), ஐலியோசீகல் வால்வும் அதில் அடக்கம். டி12.1 அப்பெண்டிக்ஸ். டி12.2 ஏறுகுடல். டி12.3 குறுக்குக்குடல். டி12.4 இறங்குகுடல். டி12.5 சிக்மாய்ட். டி12.6 பெருங்குடல், இடம் குறிப்பிடவில்லை. டி12.7 ரெக்டோசிக்மாய்ட் சந்திப்பு, டி12.8 ரெக்டம், டி12.9 ஆசனவாய். ஏறுகுடல் மேலே போய் கல்லீரலுக்குக் கீழே திரும்புகிற முனைதான் ஹெபாடிக் ஃப்ளெக்சர். குறுக்காக ஓடி மண்ணீரல் பக்கம் கீழே திரும்புகிற முனை ஸ்ப்ளீனிக் ஃப்ளெக்சர். இரண்டு முனையையும் புத்தகம் டி12.3-க்குள் சேர்த்துவிட்டது. ஏறுகுடலின் முடிவுதானே என்று நீங்கள் டி12.2 போட்டது உடற்கூறு யோசனையில் தப்பில்லை, புத்தகத்தில் தப்பு. இதில் இன்னொரு குழி இருக்கிறது. அதே முனையில் புற்றுநோய் என்று வந்தால் இந்தச் சேர்க்கை செல்லாது: ஹெபாடிக் ஃப்ளெக்சருக்கு சி18.3, குறுக்குக்குடலுக்கு சி18.4, ஸ்ப்ளீனிக் ஃப்ளெக்சருக்கு சி18.5 என்று தனித்தனி எண். தீங்கற்றதில் கற்ற பழக்கத்தைப் புற்றில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

ரெக்டத்தில் ஹைப்பர்பிளாஸ்டிக் என்றால் கே63.5 இல்லை, கே62.1. சின்ன விஷயம், ஆனால் மாதம் ஒருமுறையாவது இதை நான் ஆடிட்டில் பிடிக்கிறேன்.

இடம் வேறு வேறாக அடினோமா இருந்தால் இடத்துக்கு ஒரு கோடு. ஒரே இடத்தில் மூன்று அடினோமா என்றால் கோடு ஒன்றுதான். ஹைப்பர்பிளாஸ்டிக் மூன்று இடத்தில் இருந்தாலும் பெருங்குடலுக்குள் இருக்கும்வரை கே63.5 ஒரே தடவை.

எந்தக் கோடு போடக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பேத்தாலஜி இன்னும் வரவில்லை, 'வகை நிச்சயமில்லை' என்று நினைத்து டி37.4 போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டி37 வரிசை 'எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாத கட்டி'. பேத்தாலஜிஸ்ட் ஸ்லைடைப் பார்த்து, பார்த்தபின்னும் தீங்கானதா இல்லையா என்று முடிவு கட்ட முடியவில்லை என்று எழுத்தில் தரும் தீர்ப்பு அது. உங்கள் கையில் ரிப்போர்ட் இல்லை என்பதற்கான கோடு அல்ல. ஒருவருடைய பதிவில் அந்த எண் ஏறிவிட்டால் அடுத்த டாக்டர் அதை வேறு கண்ணோடு பார்ப்பார். ரிப்போர்ட் வரும்வரை சார்ட்டைக் கோடு போடாமல் ஹோல்டில் வைப்பதுதான் சரி. ஹோல்ட் வைக்கக் கிளையன்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டர் எழுதிய 'பாலிப்' வரைக்கும் கே63.5. எடுத்த பாலிப் உறிஞ்சு குழாயில் தொலைந்து, 'எடுக்கப்பட்டது, மீட்கப்படவில்லை' என்று எழுதியிருந்தாலும் அதேதான். அங்கே பேத்தாலஜி வரப்போவதே இல்லை, கே63.5 தான் உண்மை.

'ஹை கிரேட் டிஸ்ப்ளேசியா' (செல்கள் வெகுவாக மாறியிருப்பது) என்ற வார்த்தையைப் பார்த்துப் பயந்து டி01.0-க்கு ஓடுகிறவர்களும் உண்டு. அடினோமாவோடு ஹை கிரேட் டிஸ்ப்ளேசியா என்றிருந்தால் கோடு டி12-தான், இடத்தைப் பொறுத்து. 'கார்சினோமா இன் சைட்டு' (தோன்றிய இடத்தைத் தாண்டாத புற்று) என்று பேத்தாலஜிஸ்ட் கை எழுதியிருந்தால் மட்டுமே டி01.0. பாலிப்புக்குள்ளேயே அடினோகார்சினோமா என்று வந்தால் அது சி18 வரிசை, பாலிப் என்ற பேச்சு அங்கே முடிந்தது.

வெளிநோயாளியாக வந்து அன்றே போகிறவருக்குப் பேத்தாலஜிஸ்ட்டும் ஒரு மருத்துவர் என்பதால், கோடு போடும் நேரத்தில் இறுதி ரிப்போர்ட் கையில் இருந்தால் அதில் உறுதி செய்த நோயை நேரடியாகப் போடலாம். உள்நோயாளி சார்ட்டில் அப்படி முடியாது. ரிப்போர்ட்டில் அடினோமா என்று இருந்தாலும் சிகிச்சை பார்த்த டாக்டர் அதைத் தன் குறிப்பில் எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவரிடம் விளக்கம் கேட்டு க்வெரி அனுப்ப வேண்டும். கொலோனோஸ்கோபி பெரும்பாலும் வெளிநோயாளி வேலை என்பதால் இந்த வேறுபாடு மறந்துபோகும். ரத்தப்போக்கோடு அட்மிட் ஆனவரின் சார்ட் ஒருநாள் உங்கள் வரிசையில் வந்து விழும், அன்றைக்கு ஞாபகம் வரட்டும்.

இனி முதல் தாள், எதற்காக வந்தார். இதில்தான் நோயாளியின் பாக்கெட் இருக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லாமல், வயது ஆகிவிட்டது, பரிசோதித்துக்கொள்வோம் என்று வந்தவர் ஸ்கிரீனிங். அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலிருந்தே இதைப் பரிந்துரைக்கிறார்கள். அவருக்கு முதல் கோடு இசட்12.11. உள்ளே போய்ப் பாலிப் கிடைத்து எடுத்தாலும் அது ஸ்கிரீனிங்காகவே நிற்கும்: இசட்12.11 முதலில், டி12 இரண்டாவதாக. ஆரம்பித்த நோக்கம் நடுவில் மாறாது. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? தடுப்புப் பரிசோதனைக்குக் கைக்காசு வேண்டாம் என்று அங்கே சட்டமே இருக்கிறது. டி12-ஐ முதலில் பார்த்த இன்ஷூரன்ஸ் மென்பொருள் அதைச் சிகிச்சை என்று எடுத்துக்கொண்டு, நோயாளி தலையில் பில்லைக் கட்டிவிடும். தனியார் காப்பீட்டுக்கு மாடிஃபையர் (கூடுதல் குறி) 33, அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேருக்கு பிடி என்று செய்முறைக் கோடோடு சேர்ப்பதும் இதற்காகத்தான். மெடிகேரில்கூட ஸ்கிரீனிங்கின்போது பாலிப் எடுத்தால் நோயாளி பங்கு கட்ட வேண்டியிருந்தது. அதைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள்: 2023 முதல் 2026 வரை 15 சதவீதம், 2027 முதல் 2029 வரை 10 சதவீதம், 2030-ல் பூஜ்யம்.

மாமா மாதிரி ரத்தம் போகிறது என்று வந்தவர் ஸ்கிரீனிங் அல்ல. அவருக்கு இசட்12.11 போட்டு இலவசமாக்க நினைப்பது இரக்கம் போலத் தெரியும், அது பொய்க்கணக்கு. பேத்தாலஜி வந்துவிட்டால் டி12 முதலில், மலவாய் ரத்தப்போக்கான கே62.5-ஐ டாக்டர் பாலிப்போடு தொடர்புபடுத்தியிருக்கிறாரா என்று பார்த்துச் சேர்ப்பதா வேண்டாமா என முடிவெடுங்கள்.

முன்பே பாலிப் எடுத்து, கண்காணிப்புக்காக மறுபடி வருகிறவர்களிடம் பழைய பேத்தாலஜி இருந்தால் நல்லது. 2024 அக்டோபர் 1-லிருந்து இசட்86.010 என்ற பழைய எண் தனியாக நிற்காது, அது நான்காகப் பிரிந்துவிட்டது: இசட்86.0100 வகை தெரியாதது, இசட்86.0101 அடினோமாவும் செரேட்டட்டும், இசட்86.0102 ஹைப்பர்பிளாஸ்டிக், இசட்86.0109 மற்றவை. குடும்ப வரலாற்றுக்கான இசட்83.71-ஐ அதற்கு ஒரு வருடம் முன்பே இதே மாதிரி பிரித்துவிட்டார்கள். 'முன்பு பாலிப் இருந்தது' என்று ஒரு வரி எழுதினால் போதும் என்ற காலம் போய்விட்டது. கண்காணிப்புக்கு முதல் கோடு இசட்12.11-ஆ, சிகிச்சைக்குப் பிந்தைய தொடர்பரிசோதனைக்கான இசட்09-ஆ என்பதில் காப்பீட்டு நிறுவனத்துக்கு நிறுவனம் எதிர்பார்ப்பு மாறுகிறது, உங்கள் கிளையன்ட் எழுதிக் கொடுத்ததைப் பின்பற்றுங்கள். ஒன்று மட்டும்: எடுத்த அன்றைக்கே அது 'வரலாறு' ஆகாது. அன்றைக்கு டி12, அடுத்த முறை வரும்போதுதான் இசட்86.

ஒரு சார்ட்டை முழுதாக ஓட்டிக் காட்டுகிறேன். 58 வயது, தொந்தரவு ஏதுமில்லை, ஸ்கிரீனிங், தனியார் காப்பீடு. டாக்டர் குறிப்பு: 'சீகம் வரை சென்றேன், அப்பெண்டிக்ஸ் வாயும் ஐலியோசீகல் வால்வும் பார்த்தேன், படம் இருக்கிறது. குடல் தூய்மை பாஸ்டன் அளவில் 8. ஏறுகுடலில் 8 மி.மீ., காம்பில்லாத பாலிப் ஒன்று, கோல்ட் ஸ்னேரில் முழுதாக எடுத்து மீட்டேன், ஜாடி ஏ. சிக்மாய்டில் 3 மி.மீ. பாலிப் இரண்டு, கோல்ட் ஃபோர்செப்ஸில் எடுத்தேன், ஜாடி பி.' பேத்தாலஜி: 'ஏ, ட்யூபுலர் அடினோமா. பி, ஹைப்பர்பிளாஸ்டிக்.' கோடு: இசட்12.11, டி12.2, கே63.5. செய்முறைக்கு ஸ்னேர் (கம்பி வளையம்) 45385, ஃபோர்செப்ஸ் (இடுக்கி) 45380. இரண்டும் வெவ்வேறு பாலிப் என்பதால் இரண்டாவதற்கு 59 அல்லது எக்ஸ்எஸ் மாடிஃபையர், இரண்டுக்கும் 33. எந்தச் செய்முறை எந்த நோய்க்கு என்று இணைக்கும் பாயின்டரை மறக்காதீர்கள்: இரண்டு வரியிலும் இசட்12.11 முதலில், அதற்கடுத்து 45385-க்கு டி12.2, 45380-க்கு கே63.5. ஒரே பாலிப்பை முதலில் ஃபோர்செப்ஸால் கிள்ளிவிட்டு அதையே ஸ்னேரில் எடுத்திருந்தால் 45380 கிடையாது, ஸ்னேர் மட்டும்தான். டி12.2-ம் கே63.5-ம் சேர்ந்து வந்தால் என்கோடர் எக்ஸ்க்ளூட்ஸ்1 என்று கத்தும். அந்த விலக்கு ஒரே பாலிப்பை இரண்டாக எழுதுவதைத் தடுப்பதற்கு. இங்கே இடமும் வேறு, வளர்ச்சியும் வேறு, ஜாடியும் வேறு.

அந்த டாக்டர் குறிப்பை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நான்கு வரிதான். எங்கே, எத்தனை, எவ்வளவு பெரிசு, என்ன வடிவம், எதால் எடுத்தார், முழுதாகவா துண்டாகவா, கையில் கிடைத்ததா, எந்த ஜாடி. ஜாடி ஏ, பி என்று பிரித்ததுதான் அங்கே உயிர்நாடி. மூன்றையும் ஒரே ஜாடியில் போட்டிருந்தால் பேத்தாலஜி 'ட்யூபுலர் அடினோமா மற்றும் ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்' என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். எது ஏறுகுடல், எது சிக்மாய்ட் என்று உலகத்தில் எந்த கோடரும் சொல்ல முடியாது, டி12.6-தான் மிஞ்சும். சரியாக எழுதாத குறிப்பைச் சரியான கோடால் காப்பாற்ற முடியாது. அந்த இடத்தில் உங்கள் ஒரே ஆயுதம் க்வெரி. 'அடினோமாவா?' என்று பதிலைத் திணித்துக் கேட்கக்கூடாது. 'பேத்தாலஜி இப்படி வந்திருக்கிறது, பாலிப் எடுத்த இடத்தைக் குறிப்பிட முடியுமா?' என்று திறந்த கேள்வியாக அனுப்புங்கள்.

இதைப் படிக்கிற நம்ம ஊர்க்காரர்கள் கோடிங்கில் இல்லாவிட்டாலும் ஒன்று செய்யலாம். மதுரையிலோ ராமநாதபுரத்திலோ வீட்டில் யாருக்காவது கொலோனோஸ்கோபியில் பாலிப் எடுத்தால், படத்தோடு கூடிய செய்முறை ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பாட்டிலைக் கையில் கொடுத்தால் அதில் இடத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அங்கேயே நின்று எழுதச் சொல்லுங்கள். பேத்தாலஜி ரிப்போர்ட்டை நேரில் போக முடியாவிட்டால் வாட்ஸ்அப்பிலாவது வாங்கி, அடுத்து எப்போது வர வேண்டும் என்று டாக்டரிடம் தேதியாகக் கேளுங்கள். அந்தத் தேதி முழுக்க முழுக்க இந்த விவரங்களில்தான் நிற்கிறது. அமெரிக்கக் குடல் மருத்துவ அமைப்புகள் கூடி 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில், 10 மி.மீ.-க்குக் குறைந்த ட்யூபுலர் அடினோமா ஒன்றிரண்டு என்றால் 7 முதல் 10 வருடம், மூன்று நான்கு என்றால் 3 முதல் 5 வருடம், 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றாலோ வில்லஸ் பாகம் இருந்தாலோ ஹை கிரேட் டிஸ்ப்ளேசியா இருந்தாலோ 3 வருடம், 20 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்டதைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் 6 மாதம். குடல் சுத்தமாக இருந்து சீகம் வரை பார்த்திருந்தால்தான் இந்தக் கணக்கு. உங்கள் டாக்டர் உடல்நிலை பார்த்து மாற்றிச் சொல்லலாம், அவர் சொல்வதே தேதி. மாமாவின் 14 மி.மீ. ட்யூபுலோவில்லஸுக்கு 3 வருடம். ரத்தம் வந்ததால் தற்செயலாக அதே மூன்றாவது வருடத்தில் போனார். ரத்தம் வராமல் இருந்திருந்தால் போயிருக்க மாட்டார்.

இப்போது உங்கள் மூன்றாவது சார்ட், '30 செ.மீ.-யில் பாலிப்'. 30 செ.மீ. என்பது ஆசனவாயிலிருந்து உள்ளே போன குழாயின் நீளம். குழாய் குடலுக்குள் நேராகப் போவதில்லை, வளைந்து சுருள் போட்டுத்தான் போகும். அந்தச் சுருளை இழுத்து நேராக்கினால் அதே இடம் வேறு எண் காட்டும். 30 செ.மீ. பெரும்பாலும் சிக்மாய்டாக இருக்கலாம், 'பெரும்பாலும்' என்பதை வைத்து நாம் கோடு போட முடியாது. சென்டிமீட்டரை இடமாக மாற்றுவது டாக்டர் வேலை, கோடர் வேலையும் இல்லை, ஆடிட்டர் வேலையும் இல்லை. உங்கள் கிளையன்ட் 'இத்தனை சென்டிமீட்டர் முதல் இத்தனை வரை சிக்மாய்ட்' என்று எழுத்தில் வழிகாட்டி கொடுத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். கொடுத்திருந்தால் ஆடிட்டர் சொல்வது சரி, அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ரிபட்டல், அதாவது ஆடிட்டுக்கு மறுப்பு, எழுதுங்கள். இரண்டு வரி போதும்: 'டாக்டர் குறிப்பிலும் பேத்தாலஜியிலும் குடலின் பகுதி குறிப்பிடப்படவில்லை. தூரத்தை வைத்துப் பகுதியை அனுமானிக்க கிளையன்ட் வழிகாட்டியில் அனுமதி இல்லாததால் டி12.6 போடப்பட்டது, இடம் கேட்டு க்வெரி அனுப்பப் பரிந்துரைக்கிறேன்.' ரிபட்டலுக்கு உங்கள் நிறுவனத்தில் நாள் கணக்கு இருக்கும், அது தாண்டுவதற்குள் அனுப்பிவிடுங்கள். என்ன பதில் வந்தது என்று இங்கேயே சொல்லுங்கள்.